ஐஸ்: ஒரு சொல்லும் அது சென்னைக்கு வந்த வழியும்

ஐஸ் என்பது உறைந்த நீரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். தமிழில் இதற்குப் பனிக்கட்டி என்ற சொல் உண்டு. பாடநூல்களும் செய்தித்தாள்களும் அதையே எழுதுகின்றன. ஆயினும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பேச்சில் வழங்குவது ஐஸ் என்ற சொல்தான். கடையில் பனிக்கட்டி வேண்டும் என்று கேட்பவர் அரிது.

பஸ், ரயில் போன்ற பிற ஆங்கிலச் சொற்களுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இது குறிக்கும் பொருள் எந்த மனிதரும் கண்டுபிடித்த கருவி அன்று, இயற்கையில் உள்ளது. ஆனால் தமிழ்நாட்டின் சமவெளியில் அது இயற்கையாகக் கிடைப்பதில்லை. ஆகவே பொருளும் பெயரும் ஒன்றாகக் கப்பலில் வந்து இறங்கின. இறங்கிய இடம் சென்னைக் கடற்கரை. அதன் சாட்சியான கட்டடம் இன்றும் அங்கே நிற்கிறது. வந்த சொல் ஆங்கிலத்தில் இருந்த பொருளோடு இங்கே தங்கவில்லை என்பதே இக்கட்டுரை விளக்க முயலும் செய்தி.

ஆங்கிலத்தில் ஐஸ்

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ஈஸ் என்று ஒலித்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் ஐஸ் என்றே வழங்குகிறது. டச்சு மொழியிலும் அதன் உறவுச் சொல் உண்டு. ஐஸ்பெர்க் என்பதில் உள்ள பெர்க், மலை என்று பொருள்படும். கடலில் மிதக்கும் பனிப்பாறையின் பெரும்பகுதி நீருக்குள் மறைந்திருக்கும். ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே வெளியே தெரியும். நீர் உறையும்போது விரிவடைந்து அடர்த்தி குறைவதே அது மிதப்பதற்குக் காரணம்.

குளிர்காலத்தில் ஏரியும் ஆறும் உறையும் நாடுகளில் பிறந்த மொழி ஆங்கிலம். அங்கே ஐஸ் என்பது வழியை அடைக்கும், காலை வழுக்கும், ஆளை விழுங்கும். ஆங்கில மரபுத்தொடர்கள் பலவற்றின் பின்னே இந்த அனுபவமே உள்ளது.

பிரேக் தி ஐஸ் என்றால் முன்பின் அறியாதவர்களிடையே உள்ள தயக்கத்தைப் போக்கிப் பேச்சைத் தொடங்குதல். உறைந்த ஆற்றில் படகு செல்ல முதலில் ஐஸை உடைத்து வழி செய்யவேண்டும் என்பதிலிருந்து வந்த உவமை இது. ஆன் தின் ஐஸ் என்றால் ஆபத்தான நிலையில் இருத்தல். மெல்லிய ஐஸ் படர்ந்த ஏரியின் மேல் நடப்பவர் எந்த நொடியும் உள்ளே விழலாம். புட் ஆன் ஐஸ் என்றால் ஒரு வேலையை இப்போதைக்கு நிறுத்தி வைத்தல். நம் வழக்கில் கிடப்பில் போடுதல். டிப் ஆஃப் தி ஐஸ்பெர்க் என்றால் பெரிய சிக்கலில் வெளியே தெரியும் சிறு பகுதி. ஒருவர் பார்வை ஐஸ் போல இருந்தது என்றால் அதில் அன்பு இல்லை, பகை இருந்தது என்று பொருள்.

இவற்றைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கும் மாணவர், பிரேக் தி ஐஸ் என்பதற்குப் பனிக்கட்டியை உடைத்தான் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். உறைந்த ஏரியைக் கண்டிராத மாணவரிடம் இந்தப் பிழை இயல்பானது. தொடருக்குப் பின்னால் உள்ள நிலத்தையும் காலநிலையையும் ஒருமுறை விளக்கிவிட்டால், பிறகு மனப்பாடம் தேவைப்படாது.

தமிழில் பனி

தமிழில் பனி என்பது பழைய சொல். ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த இலக்கண மரபு, அவற்றுள் இரண்டுக்கு முன்பனி, பின்பனி என்று பெயரிட்டது. ஆனால் சமவெளித் தமிழர் கண்ட பனி, மார்கழி விடியலில் புல்லின்மேல் நிற்கும் நீர்த்துளியும் கண்ணை மறைக்கும் மூட்டமுமே. கையில் எடுக்கத்தக்க உறைந்த நீரை அவர்கள் கண்டது எப்போதாவது பெய்யும் ஆலங்கட்டி மழையில்தான். சங்க இலக்கியத்தில் அதற்கு ஆலி என்ற சொல் வழங்கியது. நீலகிரியில் குளிர்காலத்து இரவுகளில் உறைபனி விழுவதுண்டு.

இதனால் ஆங்கிலத்தில் டியூ, மிஸ்ட், ஸ்னோ, ஐஸ் என்று தனித்தனியே உள்ள நான்கையும் தமிழ் பனி என்ற ஒரே சொல்லை அடியாகக் கொண்டே குறிக்கிறது. கட்டியாக இருப்பதைப் பிரித்துக் காட்டவே பனிக்கட்டி எனக் கூட்டுச்சொல் அமைந்தது. மலாய் மொழியினர் இதே தேவையை வேறு வழியில் தீர்த்தனர். அவர்கள் ஐஸை ஆயர் பத்து என்றனர். அதற்குக் கல்நீர் என்று பொருள். வட இந்தியாவில் வழங்கும் பர்ஃப் என்ற பாரசீகச் சொல் வானிலிருந்து விழும் பனியையும் பனிக்கட்டியையும் சேர்த்தே குறிக்கும். நாம் உண்ணும் பர்பி என்ற இனிப்பின் பெயரும் அதிலிருந்து வந்ததே.

கப்பலில் வந்த ஐஸ்

இந்தியாவில் ஐஸ் முற்றிலும் புதியது அன்று. முகலாயர் காலத்தில் இமயமலைப் பகுதியிலிருந்து லாகூருக்கு ஐஸ் கொண்டுவரப்பட்டதையும், வெடியுப்பைக் கொண்டு நீரைக் குளிர்விக்கும் முறையையும் அக்பரின் அவையில் இருந்த அபுல் ஃபசல் பதிவு செய்துள்ளார். அலகாபாத்தில் ஆழமற்ற குழிகளில் கரும்புத் தட்டையோ காய்ந்த சோளத்தட்டையோ பரப்பி, அதன்மேல் மண்சட்டிகளில் நீர் வைத்து, தெளிந்த குளிர் இரவுகளில் ஐஸ் எடுத்த முறையை ராபர்ட் பார்க்கர் 1775இல் எழுதினார். வங்காளத்திலும் இம்முறை இருந்தது. ஈரக்காற்றும் வெப்ப இரவும் உள்ள சென்னையில் இதற்கு வழியில்லை.

சென்னைக்கு ஐஸ் வந்தது அமெரிக்காவிலிருந்து. பாஸ்டன் நகர வணிகர் ஃபிரடெரிக் டியூடர் (1783–1864) குளிர்காலத்தில் ஏரிகளில் உறையும் ஐஸை வெட்டி வெப்ப நாடுகளுக்கு விற்கலாம் என்று எண்ணினார். 1806இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான மார்த்தினிக்கிற்கு முதல் சரக்கை அனுப்பினார். ஊரார் நகைத்தனர், நட்டமும் வந்தது. அவர் விடவில்லை. அவருடன் பணியாற்றிய நத்தேனியல் வைத், குதிரை இழுக்கும் ஐஸ் வெட்டும் கலப்பையை உருவாக்கினார். ஒரே அளவான கட்டிகளாக வெட்ட முடிந்ததால் அவற்றை இடைவெளியின்றி அடுக்க முடிந்தது.

1833 மே 12 அன்று டஸ்கனி என்ற கப்பல் 180 டன் ஐஸுடன் பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, ஏறத்தாழ நான்கு மாதங்களுக்குப் பின் செப்டம்பரில் வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் எஞ்சியிருந்தது. தலைமை ஆளுநர் வில்லியம் பென்டிங்க், சரக்கைக் கொண்டுவந்த ரோஜர்ஸுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் பரிசளித்தார்.

நான்கு மாதம் ஐஸ் உருகாமல் இருந்தது எப்படி என்பதற்கு மாணவர் அறிந்த இயற்பியலே விடை. ஒரு கிராம் ஐஸ் உருக ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே வெப்பம் ஒரு கிராம் நீரை 0 பாகையிலிருந்து 80 பாகை செல்சியஸ் வரை சூடேற்றப் போதுமானது. கட்டிகளை நெருக்கி அடுக்கினால் வெப்பம் படும் மேற்பரப்பு குறையும். சுற்றிலும் மரத்தூள் இட்டால் வெப்பம் உள்ளே கடத்தப்படுவது குறையும். அமெரிக்காவின் மர அறுவை ஆலைகளில் கழிவாகக் கிடந்த மரத்தூளே இந்த வணிகத்தைத் தாங்கியது.

1846–47 குளிர்காலத்தில் வால்டன் குளத்திலும் டியூடரின் ஆட்கள் ஐஸ் வெட்டினர். அதன் கரையில் குடிலமைத்து வாழ்ந்த ஹென்றி டேவிட் தோரோ அதைப் பார்த்தார். 1854இல் வெளிவந்த தம் நூலில், தாம் நீர் எடுக்கும் குளத்திலிருந்தே சென்னை, பம்பாய், கல்கத்தா மக்களும் பருகுகிறார்கள் என்ற கருத்தை எழுதினார். அமெரிக்க இலக்கியத்தின் புகழ்பெற்ற நூலொன்றில் சென்னையின் பெயர் இவ்வாறு இடம்பெற்றது.

ஐஸ் ஹவுஸ்

வந்த ஐஸைச் சேமிக்க டியூடர் மூன்று நகரங்களிலும் கிடங்குகள் கட்டினார். சென்னைக் கிடங்கு 1842இல் கடற்கரையில் எழுந்தது. அன்று சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து சரக்கைக் கரை சேர்க்கும். ஐஸ் கரைக்கு வந்ததும் உடனே உள்ளே போகவேண்டும் என்பதால் கிடங்கு கடலையொட்டி அமைந்தது. இன்று கட்டடத்திலிருந்து கடல் வெகுதூரம் தள்ளித் தெரிவதற்குக் காரணம், பிற்காலத்தில் துறைமுகம் கட்டப்பட்டதால் அதன் தெற்கே மணல் சேர்ந்து கரை அகன்றதே.

அந்த ஐஸ் ஊருக்கெல்லாம் கிடைக்கவில்லை. ஆங்கில அதிகாரிகளும் வணிகர்களும் செல்வர்களும் அதை வாங்கினர். பானங்களுக்கும் காய்ச்சல் கண்டவர் நெற்றியில் வைக்கவும் பயன்படுத்தினர். படகிலிருந்து அதைச் சுமந்து இறக்கியவர்களுக்கு அது பாரம் மட்டுமே.

நீராவி எந்திரத்தால் ஐஸ் செய்யும் தொழில் வந்ததும் இந்த வணிகம் சரிந்தது. 1874இல் சென்னையில் இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி தொடங்கப்பட்டது. உள்ளூரிலேயே ஐஸ் கிடைத்தபின், பாதி வழியில் உருகும் சரக்குக்குத் தேவை இல்லாது போயிற்று.

கிடங்கைச் சென்னை உயர்நீதிமன்ற வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கினார். காற்றோட்டத்துக்குச் சாளரங்களும் சுற்றுத் தாழ்வாரங்களும் அமைத்து வீடாக்கினார். நீதிபதி கெர்னனின் நினைவாகக் கெர்னன் கோட்டை என்று பெயரிட்டார். மேலை நாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரி 6 முதல் 14 வரை இங்கே தங்கினார். அதே ஆண்டு சென்னைக்கு வந்த சுவாமி ராமகிருஷ்ணானந்தர் இராமகிருஷ்ண மடத்தின் பணியை இங்கிருந்து நடத்தினார்.

1917இல் அரசு இக்கட்டடத்தை வாங்கியது. சகோதரி சுப்புலட்சுமி (1886–1969) குழந்தைப் பருவத்திலேயே கணவரை இழந்தவர்; 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். தம்மைப் போன்ற இளம் கைம்பெண்கள் தங்கிப் படிக்க அவர் நடத்திய இல்லம் இங்கே இயங்கியது. சமூகம் மூலையில் உட்காரச் சொன்ன சிறுமிகள் கடற்காற்று வீசும் இந்த வீட்டில் படித்து ஆசிரியர்களாகினர். பின்னர் ஆசிரியப் பயிற்சி மாணவியரின் விடுதியாகவும் இது பயன்பட்டது.

விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி 1963இல் அரசு இதற்கு விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் சூட்டியது. 1997இல் இராமகிருஷ்ண மடத்திடம் குத்தகைக்கு வழங்கப்பட்டது. இப்போது கண்காட்சிக் கூடமாக உள்ளது. டியூடரின் மூன்று கிடங்குகளுள் எஞ்சியிருப்பது இது ஒன்றே.

கட்டடத்தில் ஐஸ் இல்லாமற் போய் ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. பெயரும் இருமுறை மாறிவிட்டது. ஆனால் சுற்றியுள்ள பகுதி இன்றும் ஐஸ் ஹவுஸ்தான். பேச்சில் ஐஸ் அவுஸ். காவல் நிலையத்தின் பெயரும் அதுவே. தாம்பரம், வேளச்சேரிப் பக்கத்து மாணவர் பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி நிலையத்தில் இறங்கி எளிதில் போய்ப் பார்க்கலாம்.

எல்லோருக்கும் வந்த ஐஸ்

ஐஸ் ஏழைகளின் கைக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டில். ஐஸ் தொழிற்சாலையில் அம்மோனியா வளிமம் அழுத்தப்பட்டு, திரவமாகி, மீண்டும் விரிந்து ஆவியாகும்போது சுற்றியுள்ள உப்புநீரின் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். உப்புநீர் 0 பாகைக்குக் கீழே போனாலும் உறையாது. அதில் நிறுத்திய தகரப் பெட்டிகளில் உள்ள நன்னீர் உறைந்து பாளமாகும். இதே முறையில் சிறு அச்சுகளில் சர்க்கரை நீரை ஊற்றிக் குச்சி செருகினால் குச்சி ஐஸ். சைக்கிளில் கட்டிய மரப்பெட்டியோடு ஐஸ்காரர் தெருத்தெருவாக வந்தார். 1960களிலும் 70களிலும் 5 பைசாவுக்கும் 10 பைசாவுக்கும் பால் ஐஸ், சேமியா ஐஸ் வாங்கிய பிள்ளைகளுக்கு ஐஸ் என்றால் அதுவே முதற்பொருள். யாழ்ப்பாணத்தில் இதற்கு ஐஸ்பழம் என்று பெயர்.

கடலிலிருந்து தள்ளியுள்ள தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் போன்ற இடங்களில் மீன் அங்காடி நடப்பது ஐஸால்தான். காசிமேட்டிலிருந்து வரும் மீன் உடைத்த ஐஸில் புதைந்து வருகிறது. ஆனால் இங்கே ஐஸ் மீன் என்பது பாராட்டு அன்று. அன்று பிடிக்காத பழைய மீன் என்பதே வாங்குவோர் கொள்ளும் பொருள்; ஐஸில் வைத்ததா என்று கேட்டுத்தான் விலை பேசுகிறார்கள். சொட்டு மருந்து முகாமுக்கு வரும் செவிலியர் கையில் உள்ள பெட்டியிலும் ஐஸ் உண்டு. தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள் காக்கவேண்டும்.

ஐஸ் பெட்டி என்ற தொடர் மூன்று தலைமுறையில் மூன்று பொருள் பெற்றது. முதலில் அது குச்சி ஐஸ்காரரின் பெட்டி. பிறகு மீன்காரரின் பெட்டி. இப்போது புறநகர்த் தெருக்களில் ஐஸ் பெட்டி வந்துவிட்டதா என்று யாராவது கேட்டால், ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்திருக்கிறது என்று பொருள். முன்பு பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். பின்னர் ஐஸ் பாளங்களை அடுக்கினார்கள். இன்று குளிரூட்டும் கண்ணாடிப் பெட்டி வந்துவிட்டது. அதில் ஐஸ் இல்லை, பெயர் மட்டும் ஐஸ் பெட்டி. மகனோ மகளோ வெளிநாட்டிலிருந்து வந்து முகம் பார்க்கும்வரை உடலைக் காப்பது அதன் வேலை. ஐஸ் வந்த அதே அமெரிக்காவிலிருந்து இப்போது பிள்ளைகள் வருவதற்காகக் காத்திருக்கும் வீடுகள் தென்சென்னைப் புறநகரில் பல.

ஐஸ் வைத்தல்

தமிழில் இச்சொல் பெற்ற புதிய பொருள்களுள் சுவையானது ஐஸ் வைத்தல் என்பது. காரியம் ஆகவேண்டி ஒருவரை மிகையாகப் புகழ்வதே ஐஸ் வைத்தல். பெரிய ஐஸா வைக்கிறானே என்று சொல்லாத அலுவலகம் இல்லை. ஆங்கிலத்தில் ஐஸ் என்ற சொல்லுக்கு இந்தப் பொருள் கிடையாது. அங்கே ஐஸ் பகையையும் விலகலையும் குறிக்க, இங்கே மகிழ்விப்பதைக் குறித்தது ஏன்?

விடை தமிழிலேயே உள்ளது. வெயில் நிலத்தில் வாழ்வோருக்குக் குளிர்ச்சி இன்பம். நாம் அருந்தும் நீரையே தண் என்ற அடைமொழி சேர்த்துத் தண்ணீர் என்கிறோம். அருளுக்குத் தண்ணளி என்று பெயர். மனம் குளிர வாழ்த்துகிறோம், கண் குளிரக் காண்கிறோம். ஆடி மாதத்தில் அம்மன் மனம் குளிரக் கூழ் ஊற்றுகிறோம். பொறாமை கொண்டால் வயிறு எரிகிறது. புகழ்ச்சியைக் கேட்டவர் உச்சி குளிர்ந்து போகிறார். குளிரும் உச்சி என்ற பழைய படிமத்தின் மேல் புதிதாக வந்த ஐஸ் கட்டியை ஏற்றி வைத்ததே தலையில் ஐஸ் வைத்தல் எனலாம். சொல் அயலானது, கருத்து நம்முடையது. அதில் ஓர் எச்சரிக்கையும் சேர்ந்திருக்கிறது: ஐஸ் விரைவில் உருகும், வைத்தவரின் தேவை மட்டும் மிஞ்சும்.

ஒலியில் ஏமாற்றும் சொல் ஒன்றும் உண்டு. பிள்ளைகள் ஒளிந்து விளையாடும் ஐஸ்பாய் விளையாட்டுக்கும் ஐஸுக்கும் தொடர்பில்லை. நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று பொருள்படும் ஐ ஸ்பை என்ற ஆங்கிலத் தொடரே நம் தெருக்களில் ஐஸ்பாய் ஆனது. செய்திகளில் வரும் ஐஸ் போதைப்பொருள் என்பது பளிங்கு போன்ற தோற்றத்தால் பெயர் பெற்ற கொடிய வேதிப்பொருள். மாணவர் இதை அறிந்து விலகவேண்டும்.

சொல்லும் நிலமும்

ஒரு சொல்லைக் கடன் வாங்கும் மொழி அதன் ஒலியைத்தான் முதலில் வாங்குகிறது. பொருளை அந்த மண்ணின் வெயிலும் மழையும் வாழ்க்கையும் மெல்லத் தீர்மானிக்கின்றன. உறைந்த ஏரியின் அச்சத்தோடு பாஸ்டனில் கப்பலேறிய சொல், சென்னையில் குழந்தையின் இனிப்பாகவும், மீனின் குறையாகவும், முகத்துதியாகவும், இறந்தவர் வீட்டின் காத்திருப்பாகவும் மாறியது. ஆகவே ஆங்கிலத் தொடரைத் தமிழாக்கும்போது ஐஸ் என்பதற்கு நேர்ச்சொல் தேடுவதை விட, அந்த இடத்தில் அது அச்சமா, தயக்கமா, தாமதமா என்று கேட்பது பயன் தரும். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போதும் அப்படியே. மேலாளருக்கு ஐஸ் வைத்தான் என்பதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினால், படிக்கும் ஆங்கிலேயர் மேலாளருக்குக் காய்ச்சல் என்றே நினைத்துக்கொள்வார்.